வாயில் பல்குச்சியோடு ஆடிய விங்கர்: பில்லி மெரிடித் பற்றிக் கொஞ்சம் நீளமாக

கேள்வி இது: இங்கிலாந்தின் புகழ்பெற்ற விங்கர் (மைதானத்தின் ஓரமாக ஓடி ஆடும் முன்வரிசை ஆட்டக்காரர்) ஸ்டான்லி மாத்யூஸுக்கு முன்னால், அதாவது முதல் உலகப்போர் காலத்திலும் அதற்கு முன்பும், இங்கிலாந்துக் கால்பந்தில் பெயர் சொல்லும்படி ஒரு விங்கர் இருந்தாரா? பழைய படம் ஒன்றில் ஒல்லியாக, மீசையோடு, வாயில் குச்சி மாதிரி எதையோ கடித்துக்கொண்டு நிற்கிறாரே ஒருவர், அவர் யார்? மான்செஸ்டரின் இரண்டு கிளப்களும் அவரைத் தங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்வது எப்படி?

மூன்றுக்கும் ஒரே பதில்தான், பில்லி மெரிடித். கண்டிப்பாகப் பார்த்தால் அவர் இங்கிலாந்துக்காரரே இல்லை, வேல்ஸ்காரர். எல்லைக்கு அந்தப் பக்கம் சில மைல் தள்ளிப் பிறந்தவர். ஆனால் 1893 முதல் 1924 வரை லீக் ஆட்டம் ஆடியது முழுக்க இங்கிலாந்தில்தான். அந்தக் காலத்து விங்கர் ஒருவரைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் நான் இவரைத்தான் சொல்வேன். அவர் ஆடிய விதம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கால்பந்து ஆடுகிறவனுக்குக் கூலி எவ்வளவு, அதைத் தீர்மானிப்பது யார் என்ற சண்டையில் அவர் சிக்கிக்கொண்ட விதமும், அதிலிருந்து வெளியே வந்த விதமும்.

முதலில் ஊர். வடக்கு வேல்ஸில் சர்க் என்ற இடம், பக்கத்திலேயே பிளாக் பார்க் நிலக்கரிச் சுரங்கம். மெரிடித் பிறந்தது 1874 ஜூலை 30. மெதடிஸ்ட் குடும்பம், கட்டுப்பாடு அதிகம். 12 வயதில் சுரங்கத்துக்குப் போய்விட்டார். அந்த ஊரில் அது யாருக்கும் செய்தியே இல்லை, பையன்கள் எல்லோரும் அந்த வயதில் அங்கேதான் போனார்கள். செய்தி என்னவென்றால் அந்தக் குட்டி ஊர் நல்ல கால்பந்துக்காரர்களை வரிசையாக உருவாக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முக்கியக் காரணம் டி.இ. தாமஸ் என்ற பள்ளிக்கூட வாத்தியார். 1894-ல் சர்க் அணி வெல்ஷ் கோப்பையை ஜெயித்தது. அதற்கு முந்தின வருஷம் இறுதிப் போட்டியில் ரெக்ஸமிடம் தோற்றிருந்தார்கள். இடையில் மெரிடித் நார்த்விச் விக்டோரியாவுக்கு, இரண்டாம் டிவிஷனில், கொஞ்ச காலம் ஆடினார். அந்த அணி கடைசி இடத்தில் முடித்தது, அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

1894 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து ஆள் வந்தது. அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. பெரிய ஊர்க்காரர்கள் கிராமத்துக்கு வந்து எங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறீர்களே, பையன் சுரங்க வேலையில் நன்றாகத்தானே இருக்கிறான், உழைத்த பிறகு விளையாடினால் அது வேறு விஷயம், விளையாட்டையே பிழைப்பாக வைத்துக்கொள்வதா என்ற தொனியில் அந்த அம்மா பேசியதாகச் சொல்வார்கள். இன்றைக்கும் நம் வீடுகளில் கேட்கிற பேச்சுதான். கடைசியில் ஒரு சமரசம்: சம்பளம் வாங்காமல் அமெச்சூராக ஆடுவது, சுரங்க வேலையை விடாமல் இருப்பது. சில மாதங்கள் அப்படியே ஓடியது. சனிக்கிழமை ஆட்டம், ரயில், திங்கட்கிழமை மறுபடி பூமிக்கு அடியில். 1895 ஜனவரியில்தான் தொழில்முறை ஆட்டக்காரராகக் கையெழுத்துப் போட்டார்.

சிட்டிக்கு முதல் ஆட்டம் நியூகாசிலில், 5-4 என்று தோல்வி. அடுத்த வாரம், 1894 நவம்பர் 3, சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். எதிரி நியூட்டன் ஹீத். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே கிளப். சிட்டி 5-2 என்று தோற்றது, அந்த இரண்டு கோலும் மெரிடித் போட்டவை.

சரி, அவர் என்ன மாதிரி ஆடினார்? இதைப் புரிந்துகொள்ள அன்றைய விதிகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விங்கர் என்ற ஆளின் மதிப்பே தெரியாது. அணி அமைப்பு 2-3-5. பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர், அதில் இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர். மெரிடித் வலது ஓரம். 1925 வரை ஆஃப்சைட் விதி இன்றையதைவிடக் கடுமையானது. உங்கள் அணிக்காரர் பந்தை முன்னால் தள்ளும்போது உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியின் மூன்று பேர் இருக்க வேண்டும், இரண்டு பேர் போதாது. அதனால் ஒரு ஃபுல்பேக் (பின்வரிசைத் தடுப்பாளர்) கொஞ்சம் முன்னேறி நின்றாலே பாதி ஃபார்வர்டுகள் ஆஃப்சைட். நடுவழியாகப் போவது கஷ்டம். ஆனால் பந்துக்குப் பின்னால் நிற்கிறவன் ஒருநாளும் ஆஃப்சைட் ஆக முடியாது, இல்லையா? ஆகவே ஒருத்தன் பந்தைத் தானே காலில் வைத்துக்கொண்டு டச்லைனை ஒட்டியே கார்னர் கொடி வரை ஓடிவிட்டால், மற்ற எல்லோரும் அவனுக்குப் பின்னால் வருகிறார்கள், எல்லோரும் ஆன்சைட். அங்கிருந்து திரும்பி கோல் முன்னால் ஒரு கிராஸ். அவ்வளவுதான் திட்டம். அந்த ஒருத்தன்தான் மெரிடித்.

கேட்க எளிமை. ஆனால் பந்து தோல் பந்து, மழையில் ஊறினால் கல் மாதிரி கனக்கும். மைதானம் ஜனவரியில் சேறு. விங் ஹாஃபும் (ஓரத்து நடுவரிசை ஆட்டக்காரர்) ஃபுல்பேக்கும் சேர்ந்து வருவார்கள், அன்றைய நடுவர்கள் இன்றைக்கு சிவப்பு அட்டை காட்டுகிற பல மோதல்களை விசில்கூட ஊதாமல் விட்டுவிடுவார்கள். காயம் பட்டால் மாற்று ஆள் கிடையாது. லீகில் மாற்று ஆட்டக்காரர் என்பதே 1965-ல்தான் வந்தது. அதுவரை நொண்டுகிறவனை என்ன செய்வார்கள் தெரியுமா? ஓரத்துக்கு அனுப்பிவிடுவார்கள், எதிரணிக்குத் தொல்லையாகவாவது இருக்கட்டும் என்று. அப்படிப்பட்ட ஓரத்தில் முப்பது வருஷம் ஓடியிருக்கிறார் மனுஷன்.

உடம்பு ஒல்லி, கால் கொஞ்சம் வளைந்தது. வேகம் இருந்தது, ஆனால் அவரைப் பற்றி எழுதியவர்கள் வேகத்தைவிட நிதானத்தைத்தான் சொல்கிறார்கள். ஃபுல்பேக்கை அருகில் வர விட்டு, அவன் எடை எந்தக் காலில் விழுகிறது என்று பார்த்து, பிறகு நகர்வது. குதிகாலால் பந்தைப் பின்னுக்குத் தள்ளுவது அவருக்கு வழக்கமான வேலை. ஓடிக்கொண்டே கார்னர் கொடி பக்கத்திலிருந்து துல்லியமாகக் கிராஸ் போடுவதைத் தனியாக மணிக்கணக்கில் பழகியிருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் வாயில் ஒரு பல்குச்சி. முதலில் சுரங்கத்துப் பழக்கமாகப் புகையிலை மென்றுகொண்டிருந்தாராம், துப்பிய கறையோடு வந்த சட்டைகளைத் துவைக்க மாட்டோம் என்று சலவைக்காரர்கள் மறுத்துவிட, பல்குச்சிக்கு மாறினார் என்பது கதை. கார்ட்டூன் போடுகிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. முகம் சரியாக வராவிட்டாலும் ஒரு குச்சியை வரைந்துவிட்டால் மெரிடித்.

கோலும் போடுவார். 1898-99-ல் சிட்டி இரண்டாம் டிவிஷனை ஜெயித்து மேலே வந்தபோது லீகில் மட்டும் 29 கோல். விங்கருக்கு அது எந்தக் காலத்திலும் பெரிய எண்ணிக்கை.

உச்சம் 1904. ஏப்ரல் 23, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம், எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி, எதிரணி போல்ட்டன் வாண்டரர்ஸ். 60,000 பேருக்கு மேல் கூட்டம். பிரதமர் பால்ஃபர் வந்திருந்தார், கிழக்கு மான்செஸ்டர்தான் அவர் தொகுதி. கேப்டன் மெரிடித். 23-ஆவது நிமிஷம் அவருக்குப் பந்து வருகிறது, முன்னால் கீப்பர் மட்டும், உள்ளே தள்ளினார். ஆஃப்சைட் என்று போல்ட்டன் பக்கம் முணுமுணுப்பு இருந்தது, நடுவர் அதை ஏற்கவில்லை. 1-0. மான்செஸ்டர் நகரத்துக்கு வந்த முதல் பெரிய கோப்பை அதுதான். அந்த வருஷம் லீகிலும் சிட்டி இரண்டாவது இடம். கோப்பை, லீக் இரண்டையும் ஒரே வருஷத்தில் வாங்கப் பார்த்தார்கள், மயிரிழையில் தவறியது.

இங்கேதான் பணம் உள்ளே வருகிறது.

1901-லிருந்து ஒரு விதி. எந்த ஆட்டக்காரனுக்கும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது. சாதாரணத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் 4 பவுண்டு நல்ல பணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் 60,000 பேர் நுழைவுச்சீட்டு வாங்கி வருவது யாரைப் பார்க்க? அதோடு இன்னொரு விதி: ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் நீங்கள் வேறு கிளப்புக்குப் போக முடியும். விடாவிட்டால், சம்பளமும் கொடுக்காமல், ஆடவும் விடாமல் உங்களை உட்கார்த்தி வைக்கலாம். சம்பளத்துக்கும் வரம்பு, போகவும் வழியில்லை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பணமுள்ள கிளப்கள் கொல்லைப்புற வழியாகக் கூடுதலாகக் கொடுத்தன. ஊரறிந்த ரகசியம். சிட்டியும் கொடுத்தது.

1905 ஏப்ரல் 29. சீசனின் கடைசி நாள். சிட்டி, ஆஸ்டன் வில்லா மைதானத்தில். ஜெயித்து, நியூகாசில் வேறு இடத்தில் தோற்றால் லீக் சிட்டிக்கு. ஆட்டம் அடிதடியாக நடந்தது. சிட்டியின் சாண்டி டர்ன்புல்லும் வில்லாவின் கேப்டன் அலெக்ஸ் லீக்கும் கைகலப்பு வரை போனார்கள். சிட்டி 3-2 என்று தோற்றது, நியூகாசில் ஜெயித்தது, விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கால்பந்துச் சங்கம் (எஃப்.ஏ., ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பு) அந்த அடிதடியை விசாரிக்கப் போய் வேறொன்று வெளியே வந்தது. ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால் 10 பவுண்டு தருகிறேன் என்று மெரிடித் அந்த அலெக்ஸ் லீக்கிடம் பேசினார் என்பது குற்றச்சாட்டு. ஆகஸ்டில் தீர்ப்பு: அடுத்த ஏப்ரல் கடைசி வரை, அதாவது ஒரு முழு சீசன், தடை.

முதலில் மெரிடித் சாதித்தார், நான் நிரபராதி என்று. கிளப்பிடம் உதவி கேட்டார், சம்பளம் கேட்டார். தடை செய்யப்பட்டவருக்கு எப்படிக் கொடுப்பது என்று கிளப் கை கழுவியது, மைதானத்துப் பக்கமே வராதே என்றது. மனுஷனுக்கு வெறி வந்துவிட்டது. போட்டு உடைத்தார். அலெக்ஸ் லீக்கிடம் பணம் பேசியது உண்மை, மேலாளர் டாம் மேலிக்குத் தெரிந்துதான் பேசினேன், அதுமட்டுமா, சிட்டியின் வெற்றிக்குக் காரணமே அந்த நாலு பவுண்டு விதியைக் கிளப் தூக்கிப் போட்டதுதான், எனக்கே வாரம் 6 பவுண்டு வந்துகொண்டிருந்தது, சரக்கை ஒழுங்காகக் கொடுத்தோம், காசை ஒழுங்காகக் கொடுத்தார்கள், இரண்டு பேருக்கும் திருப்தி என்ற ரீதியில் பகிரங்கமாகவே சொன்னார்.

இந்த இடத்தில் பலர் அவரைத் தியாகியாக எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆட்டத்தை விலை பேசினார், அது தப்பு, அவரே ஒப்புக்கொண்டார். கொள்கைக்காக வாய் திறக்கவும் இல்லை, தன்னை மட்டும் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்ற கோபத்தில்தான் திறந்தார். மேலி தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கடைசி வரை மறுத்தார். ஆனாலும் அந்தக் கோபத்தில் வெளிவந்த கணக்கு பொய்க் கணக்கு இல்லை.

விளைவு 1906-ல் வந்தது, சிட்டி நொறுங்கியது. 17 ஆட்டக்காரர்களுக்கு அந்த வருஷம் முடியும் வரை தடை, எல்லோருக்கும் அபராதம். மேலிக்கும் தலைவருக்கும் கால்பந்திலிருந்தே தடை. தடை பெற்றவர்கள் இனி சிட்டிக்கு ஆடக்கூடாது என்பதால் அவர்களை விற்றாக வேண்டும். மான்செஸ்டர் குயின்ஸ் ஹோட்டலில் கிளப்காரர்கள் கூடினார்கள், ஏறக்குறைய சந்தை மாதிரி. ஆனால் யுனைடெட்டின் மேலாளர் எர்னஸ்ட் மாங்னல் அதற்கு முன்பே வேலையைக் காட்டிவிட்டார். மெரிடித்தைக் கையெழுத்து வாங்கியாயிற்று, டர்ன்புல், ஹெர்பர்ட் பர்ஜெஸ், ஜிம்மி பானிஸ்டர் என்று சிட்டியின் நல்ல ஆட்களையும் கொத்தாகத் தூக்கினார். இன்றைக்கு இரண்டு கிளப்களின் ரசிகர்கள் என்னென்னவோ சண்டை போடுகிறார்கள், யுனைடெட்டின் முதல் பெரிய அணியில் ஒரு நல்ல பங்கு சிட்டியின் வீட்டு இடிபாட்டில் பொறுக்கிய செங்கல்தான் என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

தடை முடிந்த நாள் 1907 ஜனவரி 1. அன்றைக்கே ஆட்டம், யுனைடெட்டின் பழைய பாங்க் ஸ்ட்ரீட் மைதானத்தில். எதிரணி யார் என்று பாருங்கள், அதே ஆஸ்டன் வில்லா. இருபது மாதம் ஆடாத மெரிடித், வலது ஓரத்தில் ஓடிக் கிராஸ் போடுகிறார், டர்ன்புல் கோலுக்குள் அனுப்புகிறார். 1-0.

அடுத்து நடந்தவை எல்லா வரலாற்றுப் பட்டியலிலும் இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1908-ல் யுனைடெட்டுக்கு முதல் லீக் பட்டம். 1909-ல் முதல் எஃப்.ஏ. கோப்பை, பிரிஸ்டல் சிட்டியை 1-0 என்று, கோல் மறுபடி டர்ன்புல். 1910-ல் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1911-ல் இரண்டாவது லீக் பட்டம். மெரிடித் யுனைடெட்டுக்கு மொத்தம் 335 ஆட்டம், 36 கோல். சிட்டியில் போட்ட 150-க்கும் மேற்பட்ட கோல்களோடு பார்த்தால் இது குறைவாகத் தெரியும், வயது முப்பதைத் தாண்டிவிட்டது, ஆட்டமும் மாறிவிட்டது. இப்போது அவர் வேலை போடுவது அல்ல, போட வைப்பது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஆட்டக்காரர் சங்கம். 1907 ஏப்ரலில் யுனைடெட்டின் தாமஸ் பிளாக்ஸ்டாக் என்ற ஃபுல்பேக், ஒரு ரிசர்வ் ஆட்டத்தில் பந்தைத் தலையால் அடித்த சிறிது நேரத்தில் சரிந்து விழுந்து இறந்துபோனார். இயற்கை மரணம் என்று எழுதி மூடிவிட்டார்கள், குடும்பத்துக்கு இழப்பீடு இல்லை. சுரங்கத்தில் வளர்ந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? சுரங்கத்தில் ஆள் செத்தால் கேட்பதற்குத் தொழிற்சங்கம் உண்டு, கால்பந்தில் கேட்க நாதி இல்லை. அந்த டிசம்பர் 2-ஆம் தேதி மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் கூடிச் சங்கம் தொடங்கினார்கள், கூட்டத்துக்குத் தலைமை மெரிடித். அவரோடு தோள் கொடுத்தவர் யுனைடெட்டின் செண்டர் ஹாஃப் (நடுவரிசையின் மையத்தில் ஆடுபவர்), கேப்டன் சார்லி ராபர்ட்ஸ். கேட்டவை எளியவை: சம்பள வரம்பை எடு, கிளப் மாற விடு, காயம் பட்டால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி பணம் கொடு.

மற்ற தொழிற்சங்கங்களோடு கூட்டு சேரப் பார்த்ததும் கால்பந்துச் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. 1909 கோடையில் உத்தரவு: ஆட்டக்காரர் சங்கத்தைவிட்டு விலகு, இல்லாவிட்டால் ஆட முடியாது. நாடு முழுக்க ஆட்டக்காரர்கள் கொத்துக் கொத்தாக விலகினார்கள். யுனைடெட் ஆட்கள் மட்டும் மொத்தமாக நின்றார்கள். கோடைச் சம்பளம் நின்றுபோயிற்று. வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்க கிளப் அலுவலகத்துக்குப் போனால் அங்கே ஒரு பையன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான், உங்களுக்குப் பணம் இல்லை என்கிறான். ராபர்ட்ஸ் பின்னாளில் சொன்னது இது. உடனே டர்ன்புல், ஏதாவது செய்தாக வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினாராம். மற்றவர்களும் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள், அந்தப் பையன் பாடுதான் திண்டாட்டம்.

மைதானம் இல்லாததால் ஃபாலோஃபீல்டில் போய்ப் பயிற்சி செய்தார்கள். எவர்ட்டனிலிருந்து டிம் கோல்மன் வந்து சேர்ந்துகொண்டார். படம் எடுக்க வந்தவர்களுக்கு முன்னால் ஒரு பலகையை வைத்தார்கள், அதில் 'அவுட்காஸ்ட்ஸ் கால்பந்து கிளப், 1909' என்று எழுதியிருந்தது. ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் அணி. முந்தின சீசனில் எஃப்.ஏ. கோப்பையை வாங்கிய அணி அது, கவனியுங்கள். அந்தப் படம்தான் பத்திரிகைகளில் போய் ஊரைப் பேச வைத்தது, மற்ற கிளப் ஆட்டக்காரர்களும் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சீசன் தொடங்க ஒரு நாள் இருக்கும்போது சமரசம்: சங்கத்துக்கு அங்கீகாரம் உண்டு, சம்பள பாக்கி உண்டு. ஆனால் மற்ற தொழிற்சங்கங்களோடு சேர்க்கை கூடாது. ஆட்டக்காரர்களே வாக்களித்து அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டார்கள். மெரிடித்துக்கு அதில் கடும் வருத்தம். இவர்கள் எதையும் தீவிரமாக எடுத்துக்கொள்வதில்லை, பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி சொன்னதைச் செய்துகொண்டு காலம் தள்ளுகிறார்கள் என்று தன் சக ஆட்டக்காரர்களைப் பற்றியே கடிந்து எழுதினார். அந்தச் சம்பள வரம்பு கடைசியில் போனது 1961-ல், அப்போது வாரம் 20 பவுண்டு. மெரிடித் இறந்து ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகியிருந்தது.

1915-ஐ விட்டுவிட்டால் கதை முழுமையாகாது. அந்த வருஷம் புனித வெள்ளியன்று யுனைடெட் லிவர்பூலை 2-0 என்று ஜெயித்தது. முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம் என்று பின்னால் நிரூபணமாகி, இரண்டு அணிகளிலிருந்தும் சேர்த்து ஏழு பேருக்கு ஆயுள் தடை. அதில் டர்ன்புல்லும் உண்டு. மெரிடித் அன்று ஆடினார், ஆனால் திட்டத்தில் இல்லை. ஆட்டம் முழுக்க எனக்கு யாரும் பந்தே கொடுக்கவில்லை, அப்போதே சந்தேகப்பட்டேன் என்றார். விலை பேசியதற்குத் தண்டனை வாங்கிய ஆளைக் கூட்டு சேர்க்காமல் விட்டது ஏன் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது. இரண்டு கோலுக்கு மேல் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆட்டத்தில் மெரிடித்திடம் பந்தைக் கொடுப்பது ஆபத்து என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. டர்ன்புல் போருக்குப் போய் 1917 மே மாதம் பிரான்சில், அராஸில் செத்துப்போனார்.

வேல்ஸ் அணிக்கு 48 ஆட்டம், 1895 முதல் 1920 வரை, 11 கோல். எண்ணிக்கை இதைவிட நிறையவே அதிகமாக இருந்திருக்கும், ஆனால் சர்வதேச ஆட்டம் வரும் சனிக்கிழமைகளில் கிளப் பல தடவை விடவில்லை. சம்பளம் கொடுப்பவன் நான், எங்கே ஆட வேண்டும் என்பதும் நான் சொல்வதுதான் என்பது கிளப்பின் வாதம். 1907-ல் வேல்ஸ் முதல்முறையாக பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை வாங்கியபோது அவர் இருந்தார். ஆனால் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, இங்கிலாந்தை ஜெயிக்க வேண்டும். வேல்ஸ் கடைசியாக ஜெயித்தது 1882-ல். மெரிடித் இங்கிலாந்துக்கு எதிராக 20 தடவை ஆடினார். இருபதாவது தடவை 1920 மார்ச் 15, லண்டன் ஹைபரி, வயது 45. வேல்ஸ் 2-1. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார். வேல்ஸுக்கு அதுதான் அவருடைய கடைசி ஆட்டமும்.

அப்புறம் யுனைடெட்டோடு பணத் தகராறு, அதுவும் பழைய கதைதான். 1921-ல் அவரை விட்டுவிட்டார்கள், 47-ஆவது வயதில் சிட்டிக்கே திரும்பினார், ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும். பெயருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1924-ல் எஃப்.ஏ. கோப்பை ஆட்டங்களுக்கு அவரை எடுத்தார்கள். பிரைட்டனை 5-1 என்று அடித்ததில் ஒரு கோல் இவருடையது. கார்டிஃபோடு கோலில்லாமல் முடிந்து மறு ஆட்டம் வந்தது, அதில் ஒரே கோல், டாமி பிரௌவெல் போட்டார், கொடுத்தது வலது ஓரத்திலிருந்து கிழவர். அரையிறுதி பர்மிங்ஹாமில், மார்ச் 29, நியூகாசிலோடு. 2-0 தோல்வி. அவர் வயது அன்றைக்கு 49 வருஷம் 243 நாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் சிட்டிக்கு முதல் ஆட்டம் ஆடியதும் நியூகாசிலோடுதான், அதுவும் தோல்வி.

மாத்யூஸ் 50 வயதைத் தாண்டி முதல் டிவிஷனில் ஆடினார், அது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் மெரிடித்தின் கணக்கில் பன்னிரண்டு வயதிலிருந்து சுரங்கம், ஒரு முழுத் தடை, போரால் லீக் நின்றுபோன நாலு வருஷம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. இரண்டு பேரையும் தராசில் வைக்க எனக்கு மனமில்லை, கேட்டதால் சொல்கிறேன்: பந்தை வைத்துக்கொண்டு தனியாக ஒரு ஃபுல்பேக்கை ஏமாற்றுவதில் மாத்யூஸ் மேலே, கிராஸில் மெரிடித் மேலே. மெரிடித் ஆடியதைப் படங்களிலும் சில நொடித் துணுக்குகளிலும்தான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தில் சம்பாதித்தது கையில் நிற்கவில்லை. விளையாட்டுச் சாமான் கடை ஒன்று வைத்திருந்தார், 1909-ல், சங்கப் பிரச்சனை நடந்த அதே வருஷம், தீப்பிடித்துப் போயிற்று. 1926-ல் ஒரு மௌனப் படத்தில் தலை காட்டினார். மான்செஸ்டரில் ஸ்ட்ரெட்ஃபோர்டு ரோடு ஹோட்டல் என்ற பப்பை நடத்தினார். ஒரு மகள், சிட்டி ஆட்டக்காரர் சார்லி பிரிங்கிளைக் கட்டிக்கொண்டார், ஆக மாமனாரும் மருமகனும் ஒரே கிளப்பில். 1924 கோப்பை ஆட்டங்களில் இரண்டு பேரும் ஒரே அணியில் இறங்கினார்கள்.

இறந்தது 1958 ஏப்ரல் 19, வயது 83. யுனைடெட்டின் விமானம் மியூனிக்கில் நொறுங்கி பத்து வாரம்தான் ஆகியிருந்தது, மான்செஸ்டரில் அப்போது துக்கம் விசாரிக்க வேறு இடங்கள் நிறைய இருந்தன. சதர்ன் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். மேலே பெயர் பொறித்த கல் எதுவும் இல்லை, நாற்பது வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 2001-ல்தான் கல் வைத்தார்கள். செலவை நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்: மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், வேல்ஸ் கால்பந்துச் சங்கம், நான்காவது, இம்பீரியல் ஹோட்டலில் அவர் தலைமையில் தொடங்கிய அந்த ஆட்டக்காரர் சங்கம்.